ஹாம்பர்க் நீதிபதி

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்கள் சில ஆண்டுகள் ஆட்சியில் அமர்ந்தார்கள்; பிறகு அந்த ஆட்சி சரிந்தது. ஏன் சரிந்தது என்று கேட்டால், படிப்பில்லை, அனுபவமில்லை, ஊழல் மலிந்துவிட்டது என்றுதான் அங்குள்ள பாடப்புத்தகங்கள் பல தலைமுறைகளுக்குச் சொல்லிவந்தன. தென் கரோலினாவைச் சேர்ந்த பிரின்ஸ் ரிவர்ஸ் என்ற ஒரே மனிதரின் வாழ்க்கையை ஊன்றிப் பார்த்தால் இந்த விளக்கம் ஆட்டம் கண்டுவிடும். அவர் வீழ்ந்ததற்குத் திறமைக் குறைவு காரணமல்ல. அவர் தீர்ப்புக்குக் காவலாக நிற்க வேண்டிய ஆயுதபலம் இல்லாமல் போனதுதான் காரணம்.

கடற்கரை நகரமான போஃபர்ட்டில் ஒரு வெள்ளைக் குடும்பத்துக்கு அடிமையாக இருந்து, அவர்களுடைய சாரட்டு வண்டியை ஓட்டியவர் ரிவர்ஸ். போர் மூண்டதும் எஜமானர் அவரை உள்நாட்டுக்கு அழைத்துப்போக, அங்கிருந்து தப்பி வடக்கின் ஒன்றியப் படையிடம் வந்து சேர்ந்தார். 1862-இல் முன்னாள் அடிமைகளைக் கொண்டு திரட்டப்பட்ட முதல் தென் கரோலினா தொண்டர் படையில் சார்ஜெண்ட் ஆனார். அதே ஆண்டு நியூயார்க்கின் பிராட்வே தெருவில், கையில் சார்ஜெண்ட் பட்டையோடு நடந்த குற்றத்துக்காக ஒரு கும்பல் அவரைச் சூழ்ந்துகொண்டது. போலீஸ் வரும்வரை தனியாளாக நின்று அதைத் தடுத்தார். 1863 ஜனவரி 1 அன்று லிங்கனின் விடுதலைப் பிரகடனம் போர்ட் ராயல் முகாமில் படிக்கப்பட்டபோது, படையின் கொடியைப் பெற்றுக்கொண்ட இருவரில் அவர் ஒருவர். படிப்பில்லை என்பவர்களுக்குப் படைத்தலைவர் கர்னல் ஹிகின்சனின் சாட்சியம் பதில் சொல்கிறது. முகாமின் அன்றாட அறிக்கையை ரிவர்ஸே எழுதிக் கொடுத்தார் என்றும், இன்னும் கொஞ்சம் கல்வி கிடைத்திருந்தால் பெரும்படை ஒன்றுக்கே தலைமை தாங்கியிருப்பார் என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார். ஹிகின்சன் ஹார்வர்டில் படித்தவர், எழுத்தாளர்; ஆட்களை எடைபோடத் தெரிந்தவர்.

1868-இல் சார்லஸ்டனில் கூடிய அரசியல் சாசனப் பேரவையில் எட்ஜ்ஃபீல்ட் மாவட்டத்தின் பிரதிநிதிகளில் ஒருவராக ரிவர்ஸ் அமர்ந்தார். பெரும்பான்மை உறுப்பினர்கள் கறுப்பர்கள்; அவர்களில் பலர் மூன்றாண்டுக்கு முன்புவரை அடிமைகள். சொத்துள்ளவர்களுக்கே பதவி என்ற பழைய விதியை நீக்கி, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப்பள்ளி என்று சாசனத்தில் எழுதினார்கள். அனுபவமற்றவர்கள் ஆக்கிய சாசனம் என்றால், 1877-இல் ஆட்சியைப் பிடித்த எதிரிகள் அதை உடனே தூக்கி எறிந்திருக்க வேண்டும். 1895 வரை அதை வைத்துத்தான் அவர்கள் ஆண்டார்கள். ரிவர்ஸ் 1868 முதல் 1874 வரை மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தார். 1871-இல் ஐக்கன் மாவட்டம் உருவானதில் அவருக்கும் பங்கு உண்டு.

ஊழல் குற்றச்சாட்டைத் தட்டிக்கழிக்க முடியாது. அந்தச் சட்டமன்றக் காலத்தில் மாநிலத்தில் ஊழல் உண்மையாகவே நடந்தது. மறைத்து எழுதினால் வரலாறாகாது. ஆனால் காலவரிசையைக் கவனிக்க வேண்டும். ரிவர்ஸின் கட்சியைச் சேர்ந்தவரும் 1874-இல் ஆளுநரானவருமான டேனியல் சேம்பர்லெய்ன் செலவைக் கட்டுப்படுத்தினார். 1875 இறுதியில், தம் கட்சியினரே தேர்ந்தெடுத்த இரு நீதிபதிகளுக்கு நியமன ஆணை தர மறுத்தார். எதிர்க்கட்சியினரில் பலர் அவரைப் பாராட்டினார்கள். ஊழலை ஒழிப்பதுதான் நோக்கம் என்றால், அதை ஒழிக்க முயன்றவரோடு கைகோத்திருக்கலாம். துப்பாக்கி ஏந்தியவர்கள் வந்ததோ, சீர்திருத்தம் தொடங்கிய பிறகுதான்.

அவர்கள் வந்த இடம் ஹாம்பர்க். சவானா ஆற்றின் இக்கரையில் ஹாம்பர்க், அக்கரையில் ஜார்ஜியாவின் அகஸ்டா. இக்கரை ஊரில் வழக்கு விசாரிக்கும் நீதிபதியாக ரிவர்ஸ் இருந்தார். 1876 ஜூலை 4 அன்று, நாட்டின் நூறாவது சுதந்திர தினத்தில், தெருவில் அணிவகுத்த கறுப்பின மிலிஷியாவுக்கும் (மாநில அரசின் தொண்டர் படை) குதிரைவண்டியில் வந்த இரு வெள்ளை இளைஞர்களுக்கும் வழிவிடுவது பற்றித் தகராறு. மிலிஷியாவினர் கடைசியில் வழிவிட்டார்கள். இருந்தும் அந்த இளைஞர்கள் தரப்பிலிருந்து புகார் ரிவர்ஸிடம் வந்தது. ஜூலை 8 அன்று விசாரணைக்குப் புகார்தாரர் தரப்பு வழக்கறிஞராக வந்தவர் மேத்யூ பட்லர், தோற்ற தென்னகப் படையின் முன்னாள் ஜெனரல். கூடவே ஆயுதமேந்திய நூற்றுக்கணக்கானோர் ஊருக்குள் திரண்டார்கள். பட்லர் கேட்டது நியாயம் அல்ல, மிலிஷியாவின் துப்பாக்கிகள். அவற்றைப் பெட்டியில் கட்டி ஆளுநருக்கே அனுப்பிவிடுகிறோம் என்று ரிவர்ஸ் சொல்லிப் பார்த்தார். பட்லர் மசியவில்லை. மிலிஷியாவினர் தங்கியிருந்த செங்கல் கட்டடத்தைச் சுட, அகஸ்டாவிலிருந்து பீரங்கி வந்தது. அன்றிரவு, பிடிபட்டவர்களில் நால்வரைக் கைதிகளாக நிறுத்திவைத்துச் சுட்டுக் கொன்றார்கள்.

மிலிஷியா துப்பாக்கிகளைக் கொடுத்திருந்தால் உயிர்கள் பிழைத்திருக்குமே, பிடிவாதம்தானே வினையானது என்று கேட்கலாம். அந்தத் துப்பாக்கிகள் மாநில அரசின் உடைமை. அவற்றைக் கேட்கத் தனிமனிதரான பட்லருக்குச் சட்டப்படி உரிமை இல்லை. ஆளுநரிடம் அனுப்பும் யோசனையை அவர் ஏற்காததே நோக்கத்தைக் காட்டிவிடுகிறது. தேர்தலுக்கு நான்கு மாதம் இருந்தது. வாக்களிக்கப் போகிறவர்களைக் காக்க யாரும் இல்லை என்று நிரூபிப்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

ரிவர்ஸ் அதன்பின்னும் தம் கடமையைக் கைவிடவில்லை. பிரேத விசாரணை நடத்தினார். 94 வெள்ளையர்கள் மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர்களில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. 1877 ஏப்ரலில் மாநிலத் தலைமைச் செயலகத்திலிருந்து மத்திய அரசு தன் படையை விலக்கியதும் சேம்பர்லெய்ன் ஆட்சி முடிந்தது. ரிவர்ஸ் ஐக்கனில் மறுபடியும் சாரட்டு ஓட்டிப் பிழைத்து, 1887-இல் இறந்தார். தகுதிக்கேற்ற இடத்துக்குத்தான் திரும்பினார் என்று ஒருவர் சொல்வாரானால், அந்த இடத்துக்கு அவரை அனுப்ப ஆற்றைத் தாண்டி ஏன் பீரங்கி கொண்டுவர வேண்டியிருந்தது என்பதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். பட்லரை அதே 1877-இல் தென் கரோலினா அமெரிக்க செனட்டுக்கு அனுப்பியது. 1895 வரை அவர் அங்கே உறுப்பினராக இருந்தார்.

(தொடரும்)