ஜீப் ஏறிய கதையும் இறங்கிய கதையும்

இந்தியாவில் ஜீப் குறித்து எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை ஏற்றத்தின் வரலாறுகள். எந்த மலையில் ஏறியது, எந்த ஆற்றைக் கடந்தது, எஞ்சினின் குதிரைத்திறன் எவ்வளவு என்பனவே அவற்றில் பேசப்படுகின்றன. ஏறிய வண்டி இறங்கவும் வேண்டும். இறக்கத்தில் அதை நிறுத்தியது எது, நிறுத்திய கணத்தில் பின்னால் அமர்ந்திருந்தவர் என்ன ஆனார் என்ற கேள்விகள் அரிதாகவே எழுகின்றன. பிரேக்கின் பக்கமிருந்து நோக்கினால் இவ்வூர்தியின் எண்பதாண்டு வரலாறு சற்று வேறாகத் தெரியும்.

தொடக்கம் அமெரிக்க ராணுவத்தின் தேவை. 1940-இல் பாண்டம் நிறுவனம் முதல் மாதிரியைச் செய்தளித்தது. 1941 முதல் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் போர் முடியும்வரை ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்து தள்ளின. எடை ஏறத்தாழ 1,100 கிலோ, முன்பின் அச்சுகளுக்கிடையே 2,032 மில்லிமீட்டர், 60 குதிரைத்திறன். நான்கு பேர் அமரலாம்.

இந்த எளிய வண்டியின் பிடிமானம் முழுவதும் பல்சக்கரக் கணக்கில் அடங்கியிருந்தது. முதல் கியரின் விகிதம் 2.66, டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ்நிலை விகிதம் 1.97, அச்சின் விகிதம் 4.88. மூன்றையும் பெருக்கினால், சக்கரம் ஒருமுறை சுழல எஞ்சின் ஏறக்குறைய 26 முறை சுழல வேண்டும். ஏற்றத்தில் இது வலிமை. இறக்கத்தில் இதுவே முதன்மையான பிரேக். காலை எடுத்துவிட்டால், சக்கரம் எஞ்சினை 26 மடங்கு விரைவில் இழுத்துச் சுழற்ற முயன்று அதிலேயே தளர்ந்துவிடும். மலைப்பாதை ஓட்டுநர்கள் ஏறிய கியரிலேயே இறங்கு என்று சொல்வதன் இயற்பியல் இதுதான்.

நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக் இருந்தது என்பது உண்மை. ஆனால் நீண்ட இறக்கத்தில் சூடேறிய டிரம் விரிந்து, உள்ளிருக்கும் பிரேக் ஷூவிலிருந்து விலகும். மிதி மேலும் மேலும் கீழிறங்கும். ஆற்றைக் கடந்து வந்தாலோ டிரம்முக்குள் தேங்கிய ஈரம் பிடியைக் குலைக்கும். ஒரு சக்கரம் முன்னரும் மற்றது பின்னரும் காய்ந்தால், பிரேக் பிடித்ததும் வண்டி ஒருபக்கம் இழுக்கும். நீரைக் கடக்கவென்றே வடிவமைத்த ஊர்தியில், கடந்தபின் நிற்கும் திறன்தான் முதலில் நனைந்தது.

கைபிரேக்கின் கதை இன்னும் நுட்பமானது. அது சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் தண்டில் இருந்தது. அச்சின் விகிதம் அதன் பிடியை ஏறத்தாழ ஐந்து மடங்காக்கியதால் சிறிய கருவியே போதுமானதாயிற்று; சேற்றுக்கும் எட்டாத உயரம். ஆயினும் அதற்கும் சக்கரங்களுக்கும் இடையே டிஃபரன்ஷியல் நின்றது. பின்சக்கரங்களுள் ஒன்று தரையைவிட்டு எழும்பினால், அது எதிர்த்திசையில் சுழல, மற்றது தடையின்றி உருளும். சரிவில் நிறுத்திய ஜீப்பின் சக்கரத்துக்குக் கல் வைக்கும் வழக்கத்தைப் பழமைவாதம் என்று எவரும் நகைக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் 1945-இல் மகிந்திரா அண்டு முகம்மது என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், குலாம் முகம்மது பாகிஸ்தானின் நிதியமைச்சராகச் சென்றபின் 1948-இல் மகிந்திரா அண்டு மகிந்திரா ஆயிற்று. வில்லிஸ் ஜீப்பை இங்குப் பூட்டி விற்றது. அதே 1948-இல், காஷ்மீர்ப் போர்க்காலத்தில், லண்டனில் தூதராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன் பழைய ஜீப்புகளை வாங்க ஒரு வெளிநாட்டு நிறுவனத்துடன் செய்த ஏறத்தாழ 80 லட்சம் ரூபாய் ஒப்பந்தம் பெருஞ்சர்ச்சையானது. வந்து சேர்ந்தவை 155. அவையும் பயன்பாட்டுக்கு உகந்தவையல்ல என்று கண்டறியப்பட்டது. 1955-இல் அரசு அவ்விவகாரத்தை முடித்துக்கொண்டது. இன்றுவரை அது பணத்தின் கதையாகவே சொல்லப்படுகிறது. தகுதியற்ற வண்டியில் ஏறியிருக்க வேண்டியவர்களான படைவீரர்கள் அக்கதையின் ஓரத்தில்கூட இல்லை.

அடுத்து வந்த ஜோங்கா, நிசான் பேட்ரோலை ஜபல்பூர் ஊர்தித் தொழிற்சாலை உரிமம்பெற்றுச் செய்தது. ஜபல்பூர் ஆர்டனன்ஸ் அண்ட் கன்கேரியேஜ் அசெம்ப்ளி என்பதன் முதலெழுத்துகளே அப்பெயர். சுருக்கம் என்ற நினைவே அற்றுப்போய் இயற்பெயராகிவிட்ட சொற்களுக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸி அதற்கு நேரெதிர்: 970 கன சென்டிமீட்டர் எஞ்சின், குறைந்த எடை. அச்சுகளின் இடைவெளி 2,375 மில்லிமீட்டராக நீண்டது. சக்கரங்களின் குறுக்கு இடைவெளியோ குறுகியதாகவே நின்றது. மணலிலும் பனியிலும் அதைக் காத்தது எடைக்குறைவு. வளைவில் அதைத் தள்ளாட வைத்தது அந்தக் குறுகிய நிற்பும் விறைத்த லீஃப் ஸ்பிரிங்கும். பின்னாளில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. டிஸ்க் திறந்திருப்பதால் விரைவில் காயும். நனைந்த பிரேக்கின் பழைய சிக்கல் பாதி அங்கே தீர்ந்தது.

2019 ஏப்ரலில் பயணிகள் கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமானபோது, புதிய விதிகளுக்கு ஈடுகொடுக்க இயலாத ஜிப்ஸி பொதுச் சந்தையிலிருந்து விலகியது. இங்கு ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தளர்ந்த சரளையில் பூட்டிக்கொண்ட சக்கரம் தனக்குமுன் கற்களைக் குவித்து, அக்குவியலாலேயே நிற்கும், ஏ.பி.எஸ். அதைத் தடுப்பதால் நிற்கும் தொலைவு அங்கே கூடலாம். ஆனால் ஸ்டீயரிங் ஓட்டுநரின் பேச்சைக் கேட்கும். பள்ளத்தாக்கின் விளிம்பில் இவ்விரண்டில் எது வேண்டும் என்பதில் பெரிய ஐயம் இருக்க முடியாது.

2020-இன் புதிய தாரில் பிரேக்கின் பணியே மாறிற்று. பழைய ஜீப்பில் ஒரு சக்கரம் அந்தரத்தில் வீணாகச் சுழன்றால், தேர்ந்த ஓட்டுநர் எஞ்சினை முடுக்கியபடியே கால்பிரேக்கை மெல்ல மிதிப்பார். சுழலும் சக்கரம் தடைபட, விசை தரையிலிருக்கும் சக்கரத்துக்குப் போகும். தண்டிலிருந்த கைபிரேக்கால் இது ஆகாது. டிஃபரன்ஷியலுக்கு முன்பே அது பிடித்துவிடும். அந்தக் கால்வித்தையைத்தான் இப்போது மின்னணுக் கட்டுப்பாடு, சுழலும் சக்கரத்தை மட்டும் பிடித்துச் செய்கிறது. இறங்கவே உதவாதிருந்த உறுப்பு ஏறுவதற்கான கருவியாகிவிட்டது.

இருக்கைகள் மட்டும் மெதுவாகவே மாறின. ஜிப்ஸியின் துணிக்கூரை வடிவத்திலும் 2010-இன் முதல் தாரிலும் பின்னால் அமர்ந்தவர்கள் எதிரெதிரே, பக்கவாட்டில் அமர்ந்தனர். பிரேக் பிடித்தால் அவர்களைத் தாங்க முதுகுப்புறம் எதுவும் இல்லை. அடுத்திருப்பவரின் தோளே தடுப்பு. முன்னோக்கிய நான்கு இருக்கைகள் 2020-இல்தான் தாருக்கு வந்தன. பக்கவாட்டு இருக்கை கொண்ட வடிவமும் தொடக்கத்தில் உடன் விற்கப்பட்டது. சில மாதங்களில் கைவிடப்பட்டது.