வீட்டுக் கதை சொன்ன இருவர்

அமெரிக்க விளையாட்டு ஒளிபரப்பைப் பற்றிப் பேசினால் ரூன் ஆர்லெட்ஜையும் டிக் எபர்சாலையும் பிரித்துப் பேச முடியாது. முன்னவர் ஆசான், பின்னவர் அவரிடமே தொழில் படித்தவர். தொழிலில் ஒரே அச்சு. வீட்டில் அப்படியல்ல.

ஆர்லெட்ஜ் 1960-இல் ஏபிசி தொலைக்காட்சிக்கு வந்தார். அதுவரை கேமரா உயரத்தில் உட்கார்ந்து ஆட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதை இறக்கி, பயிற்சியாளரின் வியர்வைக்கும் கூட்டத்தில் நகம் கடிப்பவரின் முகத்துக்கும் பக்கத்தில் கொண்டுபோனார். 1961-இல் 'வைட் வேர்ல்ட் ஆஃப் ஸ்போர்ட்ஸ்', 1970-இல் 'மண்டே நைட் ஃபுட்பால்'. என்னைக் கேட்டால், இவற்றைவிடப் பெரிது வீரரின் குடும்பக் கதையை ஆட்டத்துக்குள் கொண்டுவந்ததுதான். பனிச்சறுக்கில் புள்ளி எப்படிப் போடுகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? சறுக்குகிறவன் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிட்டால் போதும், டிவியை அணைக்க மனம் வராது.

அந்தக் கதைகளைத் திரட்ட ஆள் வேண்டியிருந்தது. 1968 கிரெனோபிள் குளிர்கால ஒலிம்பிக்குக்காக, யேல் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு அந்த வேலைக்கு வந்த இளைஞர்தான் எபர்சால். பிறகு என்பிசி தொலைக்காட்சிக்குப் போனார். 1975-இல் 'சாட்டர்டே நைட் லைவ்' நகைச்சுவை நிகழ்ச்சி உருவாகக் கைகொடுத்தார். 1989-இல் என்பிசியின் விளையாட்டுப் பிரிவுக்குத் தலைவரானார். ஒலிம்பிக் ஒளிபரப்பு உரிமைகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிக் குவித்தார். ஆசானின் பாணியை அவர் மாற்றவில்லை, விலையைத்தான் ஏற்றினார்.

விளையாட்டு ஒளிபரப்பில் இருப்பவருக்கு சனி, ஞாயிறுதான் வேலை நாள். வீட்டில் பிள்ளைகள் இருப்பதும் அன்றைக்குத்தான். ஆர்லெட்ஜுக்கு மூன்று திருமணங்கள், இரண்டு விவாகரத்துகள். நான்கு பிள்ளைகளும் முதல் மனைவிக்குப் பிறந்தவர்கள். ஒளிபரப்பு அறையில் அவர் மட்டுமே அழைக்கும் சிவப்புத் தொலைபேசி ஒன்று இருந்தது. அது அடித்தால் எல்லோரும் நடுங்குவார்கள். மற்றவர்கள் அழைத்தால் அவர் திருப்பிக் கூப்பிடுவது அபூர்வம்! 1977 முதல் செய்திப் பிரிவையும் சேர்த்துச் சுமந்தவருக்கு வீட்டுக்கு எவ்வளவு நேரம் மிஞ்சியிருக்கும்?

எபர்சால் 1981-இல் நடிகை சூசன் செயின்ட் ஜேம்ஸைச் சந்தித்த சில வாரங்களிலேயே மணந்துகொண்டார். அந்த மணம் நிலைத்தது. 2004 நவம்பர் 28 அன்று கொலராடோவின் மான்ட்ரோஸில் எபர்சாலும் இரு மகன்களும் ஏறிய சிறு விமானம் புறப்படும்போதே நொறுங்கியது. இறக்கையில் படிந்திருந்த பனியைச் சரிபார்க்காமல் கிளப்பியதே காரணம் என்றது விசாரணை. மூத்த மகன் சார்லி, தந்தையை இழுத்து வெளியே போட்டார். 14 வயது இளைய மகன் டெடியைக் காப்பாற்ற முடியவில்லை. ஆயிரம் வீரர்களின் துயரத்தைத் திரையில் சொன்னவருக்குத் தன் வீட்டுத் துயரமே செய்தியானது.

2001-இல் எபர்சால் கூட்டு சேர்ந்து தொடங்கிய எக்ஸ்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்துத் தொடர் ஒரே பருவத்தில் படுத்துவிட்டது. அந்தத் தோல்வியை சார்லியே பின்னர் ஆவணப்படமாக எடுத்தார். 2019-இல் தானும் ஒரு கால்பந்துத் தொடர் தொடங்கினார். எட்டு வாரம்தான் ஓடியது. அப்பா விழுந்த பள்ளத்திலேயே பிள்ளையும் விழுந்ததில் எனக்கென்னவோ ஒரு நெருக்கம் தெரிகிறது.

ஆர்லெட்ஜ் 2002-இல் புற்றுநோயால் இறந்தார். பாஸ்டனில், சார்ல்ஸ் ஆற்றங்கரையில், டெடி எபர்சால் பெயரில் இருக்கும் மைதானங்களில் இன்றும் சிறுவர்கள் பேஸ்பால் ஆடுகிறார்கள்.