சிறிமாவோ பண்டாரநாயக்க: உள்நாட்டுக் கணக்கும் வெளிநாட்டுக் கணக்கும்

சிறிமாவோ அம்மையாரைப் பற்றி எங்கட ஆட்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டு விதமான பதில்கள் வரும். எழுபதுகளில் குடும்பம் நடத்தியவர்கள், "அவட காலத்திலதானே பாணுக்குக் கியூவில நின்ட" என்பார்கள். அதே காலத்தில் ஆசிரியர் நியமனம் பெற்றவர்கள், "பதியுதீன் மஹ்மூதை மந்திரியாக்கினவ, இஸ்ரேல்காரனை அனுப்பிவிட்டவ" என்பார்கள். இரண்டு பதிலிலும் பொய் இல்லை. ஆனால் இரண்டுமே "எங்களுக்கு என்ன கிடைத்தது?" என்ற ஒரே கேள்வியிலிருந்து பிறந்தவை. ஒரு தலைவரின் மரபை மதிப்பிட அந்தக் கேள்வி மட்டும் போதுமா என்பதுதான் இக்கட்டுரையின் விசாரணை.

வழக்கமாக அவரது அரசியலை இரண்டாகப் பிரித்து எழுதுவார்கள். வெளிநாட்டில் வெற்றி, உள்நாட்டில் தோல்வி என்று முடிப்பார்கள். தரம் பதினொன்று மாணவர்களுக்கு அந்தப் பிரிப்பு வசதியானது. இரண்டு நிரலில் எழுதிப் புள்ளி வாங்கிக்கொள்ளலாம். எனக்கோ அந்த இரண்டு நிரலையும் ஒன்றாக வாசித்தால்தான் அவரது ஆட்சி விளங்குகிறது.

உலக அரங்கில் ஒரு சிறிய நாடு

1959 செப்டெம்பரில் கணவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க சுடப்பட்டு இறந்தார். அதுவரை தேர்தல் அரசியலில் இறங்காதிருந்த சிறிமாவோ, 1960 ஜூலை 21இல் உலகின் முதலாவது பெண் பிரதமரானார். அப்போது மக்கள் பிரதிநிதிகள் சபையில் அவருக்கு ஆசனம் இல்லை. செனற் சபையின் வழியாகவே பதவிக்கு வந்தார். "சமையலறையிலிருந்து வந்தவர்" என்று ஏளனம் செய்தவர்கள் இருந்தார்கள். அந்த ஏளனம் நெடுநாள் நிலைக்கவில்லை.

1961 செப்டெம்பரில் பெல்கிரேட் நகரில் அணிசேரா நாடுகளின் முதல் உச்சி மாநாடு கூடியது. நாசர், நேரு, டிட்டோ, சுகர்னோ, நிக்ருமா ஆகியோர் இருந்த மண்டபத்தில் அவரும் இருந்தார். 1962இல் இந்தியாவும் சீனாவும் எல்லையில் போரிட்டபோது, பர்மா, கம்போடியா, இந்தோனேசியா, கானா, எகிப்து ஆகிய நாடுகளை அந்த டிசம்பரில் கொழும்புக்கு அழைத்தார். அங்கு எழுந்த யோசனைகளோடு பீக்கிங்குக்கும் டில்லிக்கும் அவரே சென்றார். எல்லைத் தகராறு தீரவில்லை. ஆனால் இரண்டு பெரிய அயலவர்கள் சண்டையிடும்போது ஒரு சின்னத் தீவு எவருக்கும் பயந்து ஒதுங்காமல் நடுவில் நிற்க முடியும் என்பது அன்று தெரிந்தது.

எண்ணெய் விநியோகத்தை அரசு பொறுப்பேற்றதற்காக 1963இல் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. அவர் பின்வாங்கவில்லை. 1971இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்க வேண்டும் என்று கேட்டார். அந்த டிசம்பரில் அது தீர்மானமாக நிறைவேறியது. வல்லரசுகளின் போர்க்கப்பல்கள் இந்தச் சமுத்திரத்தை விட்டுப் போகவில்லைதான். ஆயினும் கடற்கரை நாடுகளிடம் கேட்காமல் கடலைப் பங்குபோடாதே என்று சொன்ன குரல் இங்கிருந்து எழுந்தது.

1970இல் இரண்டாம் முறை ஆட்சிக்கு வந்த அதே ஆண்டில் இஸ்ரேலுடனான இராஜதந்திர உறவை நிறுத்தினார். நம் பள்ளிவாசல் திண்ணைகளில் அவரது பெயர் இன்றும் மரியாதையோடு சொல்லப்பட இதுவே முதற் காரணம். 1984இல் ஜே.ஆர். ஜயவர்தனவின் ஆட்சி அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலிய நலன் பிரிவு ஒன்றைத் திறக்க இடமளித்தபோது, முஸ்லிம்கள் அம்மையாரின் காலத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டார்கள்.

இதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அவரது வெளிநாட்டுக் கொள்கைக்குள் ஒரே நியாயம் ஓடுகிறது. பெரியவர்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டுச் சின்னவர்களிடம் அறிவிக்கக்கூடாது. சின்னவர்களையும் கேட்க வேண்டும். இந்த நியாயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உள்நாட்டுக்கு வருவோம்.

கேட்கப்படாத மலையக மக்கள்

1964 ஒக்டோபர் 30இல் டில்லியில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. மலையகத்தில் நாடற்றவர்களாக இருந்தவர்கள் 975,000 பேர் என்று மதிப்பிட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று எழுதினார்கள். அந்த மிச்சத்தை 1974இல் அவரும் இந்திரா காந்தியும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்தார்கள்.

அந்த மக்களின் பிரசாவுரிமையைப் பறித்தது 1948இன் சட்டம், அது டி.எஸ். சேனாநாயக்கவின் அரசாங்கம் செய்தது. அந்தப் பாவத்தை இவர் தலையில் கட்ட முடியாது. தேங்கிக் கிடந்த பிரச்சினைக்கு ஏதோ ஒரு முடிவைத் தேடினார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தேயிலைக் கொழுந்து பறித்து இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்தவர்களை, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டு அரசாங்கங்கள் எண்ணிப் பிரித்தன. இராஜதந்திரப் புத்தகங்களில் இது வெளிநாட்டு வெற்றி. தலைமன்னார்க் கப்பலில் ஏறியவர்களுக்கு அது வீடு பிரிந்த நாள். அவர்களது கதையை அவர் எந்தக் கணக்கில் எழுதினார்? வெளிநாட்டுக் கணக்கில். உள்நாட்டு மக்களாக அவர்கள் எண்ணப்படவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

பாடசாலையும் பாண் வரிசையும்

நம் சமூகத்துக்கு அவர் கொடுத்ததைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. கம்பளை சாஹிராவின் அதிபராயிருந்த பதியுதீன் மஹ்மூதை 1960இலும் மீண்டும் 1970இலும் கல்வி அமைச்சராக்கினார். பின்தங்கிக் கிடந்த முஸ்லிம் ஊர்களுக்குப் பாடசாலைகள் வந்தன. ஆசிரியர்களும் மௌலவி ஆசிரியர்களும் நியமனம் பெற்றார்கள். எங்கட பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நிலைத்ததற்கு அந்த நியமனங்கள் பெரிய காரணம். எனக்கு முதன்முதலில் ஆனா ஆவன்னா சொல்லித் தந்த ரீச்சரும் அந்தக் காலத்து நியமனம்தான்.

ஆனால் அதே அமைச்சின் கீழ்தான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. 1970/71 அனுமதியில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழி மூல மாணவருக்கு 227 புள்ளி போதுமாயிருந்தது. தமிழ் மொழி மூல மாணவருக்கு 250 தேவைப்பட்டது. தமிழில் படித்த முஸ்லிம் பிள்ளைக்கும் அதே 250தான். பின்னர் வந்த மாவட்டக் கோட்டா பின்தங்கிய மாவட்டங்களுக்கு உதவியது உண்மை. ஆயினும் யாழ்ப்பாண இளைஞர்களின் கோபம் அமைச்சரவை முழுவதன் மீதும் போகாமல், பதியுதீன் என்ற பெயரில் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயர் வழியாக நம் சமூகத்தின் மீதும் படிந்தது. தமிழ்–முஸ்லிம் உறவில் பிறகு விழுந்த விரிசல்களைப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைச் சும்மா கடந்துவிடக்கூடாது.

பொருளாதாரத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 1970இல் 50, 100 ரூபாய்த் தாள்களைச் செல்லாதாக்கியதும் இறக்குமதிக் கட்டுப்பாடும் நம் வர்த்தகர்களைக் கடுமையாகத் தாக்கின. 1973இன் எண்ணெய் விலையேற்றம் உலகம் முழுவதையும் உலுக்கியது. அந்தக் கஷ்டத்துக்கு அவரை மட்டும் குற்றம் சொல்வது சரியல்ல. இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் நன்றாக உழைத்தார்கள். நெல்லோ நெல் சந்தைப்படுத்தும் சபையின் பிடிக்குள் போனது. அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டு போகவும் தடை இருந்தது. "நாம வெளையவச்ச அரிசிய நாமளே ஒளிச்சுக் கொண்டு போனம்" என்று வாப்பா சொல்லுவார். 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவருக்கு 50 ஏக்கர், வயலென்றால் 25 ஏக்கர் என்று எல்லை போட்டது. அது பிரதமரின் சொந்த உறவினர் காணிகளையும் விடவில்லை. அந்தத் துணிவுக்கு மதிப்புக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் தோட்டங்கள் கைமாறிய அந்த நாட்களில் மலையகத்து லயன்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அதே மக்கள் மறுபடியும் கேட்கப்படவில்லை.

1972: யாப்பும் மௌனமும்

1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணி இளைஞர்கள் கிளர்ந்தெழுந்தபோது இந்தியா, பாகிஸ்தான், சோவியத் ஒன்றியம், பிரித்தானியா என்று ஒன்றையொன்று நம்பாத நாடுகள் எல்லாம் அவருக்கு உதவின. அணிசேராமையின் பலன் அது. அந்த உதவியோடு அடக்கப்பட்டவர்கள் இந்த நாட்டின் கிராமத்துப் பிள்ளைகள், ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அவருக்கு வாக்களித்த சிங்களக் குடும்பங்களின் பிள்ளைகள் என்பதை மறக்கக்கூடாது.

அடுத்த ஆண்டு மே 22இல் நாடு குடியரசானது. பிரித்தானிய முடியோடு இருந்த கடைசிக் கயிறும் அறுந்தது. கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு போவது நின்றது. வெளிநாட்டுக் கணக்கில் அது பூரண சுதந்திரம். உள்நாட்டிலோ, சோல்பரி யாப்பில் சிறுபான்மையினருக்கு இருந்த 29ஆம் பிரிவுப் பாதுகாப்பு காணாமல் போனது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் எழுதப்பட்டது. அரசின் ஆயுட்காலமும் புது யாப்பைக் காட்டி 1977 வரை நீட்டப்பட்டது. அந்த யாப்பு நிறைவேறியபோது நம் பிரதிநிதிகள் அரசாங்கத்தோடு இருந்தார்கள். அமைச்சும் நியமனங்களும் கையில் இருந்ததால் 29ஆம் பிரிவின் அருமை அன்று விளங்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.

ஒரே ஆண்டு, இரண்டு மாதங்கள்

1976 ஓகஸ்ட் 16 முதல் 19 வரை அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு கொழும்பில் நடந்தது. சீனா கட்டித் தந்த பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கூடின. டிட்டோ, இந்திரா, சாதாத், கடாபி எல்லாரும் வந்தார்கள். பலஸ்தீனத்துக்கு அங்கே நாற்காலி இருந்தது. அவரது வாழ்வின் உச்சம் அது. அதற்கு முன்னும் பின்னும் இலங்கைக்கு உலகில் அப்படியொரு இடம் கிடைத்ததில்லை.

அதே ஆண்டு பெப்ரவரி 2இல் புத்தளம் பெரிய பள்ளிவாசலுக்குள் பொலிசார் சுட்டதில் ஏழு முஸ்லிம்கள் உயிரிழந்தார்கள். நம் சமூகத்தில் இன்றுவரை சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு: அந்தக் கொலைகளைப் பாராளுமன்றத்தில் எழுப்பியவர் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம். அரசாங்கப் பக்கத்து முஸ்லிம் எம்.பி.மார் வாய் திறக்கவில்லை.

ஆறரை மாத இடைவெளியில் நடந்த இந்த இரண்டையும் நம்மில் பலர் தனித்தனியாகவே நினைவில் வைத்திருக்கிறோம். மாநாட்டைப் பேசும்போது புத்தளம் வராது. புத்தளத்தைப் பேசும்போது "பொலிசார் செய்ததுக்கு அம்மையார் என்ன செய்யிற?" என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்விதான். துப்பாக்கியை நீட்டச் சொன்னவர் அவர் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அது அவரது அரசாங்கம், அவரது பொலிஸ். பலஸ்தீன முஸ்லிமுக்காக உலகத்தோடு வாதாடிய அரசாங்கம், புத்தளத்து முஸ்லிமுக்கு என்ன பதில் சொன்னது என்று கேட்பது நன்றிகெட்டதனம் ஆகாது.

வேறொரு செய்தியும் இருக்கிறது. மகள் சந்திரிகா ஜனாதிபதியாக இருந்த 2000 மே மாதத்தில், ஆனையிறவு வீழ்ந்த நெருக்கடியில், இஸ்ரேலுடனான முழு உறவு மீண்டும் தொடங்கியது. அப்போது பிரதமர் கதிரையில் இருந்தவர் சிறிமாவோதான். அதிகாரம் ஜனாதிபதியிடம் இருந்தது, உடம்பும் தளர்ந்திருந்தது. அதனால் இதை அவர் மீது பெரிய குற்றமாக நான் வைக்கவில்லை. ஆனால் 1970இன் முடிவை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு தலைவரை எடைபோட்டால், முப்பது வருடத்தில் அந்த எடைக்கல்லே கைமாறிப் போகும் என்பதை இது காட்டுகிறது. அந்த ஒக்டோபர் 10இல், பொதுத்தேர்தலில் வாக்களித்துவிட்டுத் திரும்பும் வழியில் அவர் காலமானார்.

என் தீர்ப்பு

பெரிய நாடுகளிடம் சிறிய நாட்டுக்காக அவர் கேட்ட நியாயம் சரியானது, துணிவானது. அதே நியாயத்தைப் பெரிய சமூகத்திடம் சிறிய சமூகங்களுக்காக அவர் கேட்கவில்லை. மலையகத் தமிழரை எண்ணிப் பிரித்ததிலும், 29ஆம் பிரிவை விட்டுவிட்டதிலும், புத்தளத்திலும் எனக்குத் தெரிவது அந்த ஒரே குறைதான். 1977இல் அவரது கட்சி 168 ஆசனங்களில் எட்டுக்கு இறங்கியது. 1980இல் ஜே.ஆர். அவரது குடியியல் உரிமையைப் பறித்தார். அது அநியாயம். பெரும்பான்மையைக் கையில் வைத்திருப்பவர் கேட்காமல் எதையும் செய்யலாம் என்ற வழக்கம் கடைசியில் அவர் மீதே திரும்பியது.

நம் பங்கும் இதில் உண்டு. ஒரு மந்திரியும் சில நியமனங்களும் கிடைத்த காலத்தில், பக்கத்துச் சமூகத்துக்கு நடந்ததைப் பற்றிப் பேசாமல் இருந்தோம். பள்ளிவாசலுக்குள் சுட்டபோது நமக்காகப் பேச அந்தப் பக்கத்துச் சமூகத்தின் முதியவர் ஒருவர்தான் எழும்பினார். இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது, 1976 ஓகஸ்டையும் 1976 பெப்ரவரியையும் ஒரே பக்கத்தில் எழுதிப் போடுங்கள் என்று சக ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அம்மையாரின் பெருமை அதனால் குறையாது.