பூமியில் உயிர் தோன்றியது எவ்வாறு? இஸ்ரோவின் பலூன் சோதனை நிரூபித்ததும் நிரூபிக்காததும்

பெங்களூரு: பூமியில் உயிர் எவ்வாறு தோன்றியது என்பது குறித்து அறிவியலாளர்கள் பல கருதுகோள்களை முன்வைத்துள்ளனர். அவற்றுள், உயிர் விண்வெளியிலிருந்து வந்திருக்கலாம் என்ற கருதுகோளை இந்திய அறிவியலாளர்கள் பலூன் மூலம் சோதித்துள்ளனர். பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் (இஸ்ரோ) அதன் முடிவுகளை 2009 மார்ச் 16 அன்று வெளியிட்டது.

காலக் கணக்கு

பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். மேற்கு ஆஸ்திரேலியாவில் நுண்ணுயிர்களால் உருவான, ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகள் பழமையான படிவங்கள் கண்டறியப்பட்டுள்ளன. தேசிய புவியியல் நினைவுச் சின்னமான பெங்களூரு லால்பாக் பாறையின் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். அப்பாறை உருவாவதற்கு முன்பே பூமியில் உயிர் இருந்தது. ஆனால், உயிர் தொடங்கிய காலத்துப் பாறைகளில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன அல்லது வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிவிட்டன. எனவே, நேரடிச் சான்று கிடைப்பது அரிது.

முக்கியக் கருதுகோள்கள்

ஆதிக் கடலில் கரைந்திருந்த எளிய சேர்மங்களிலிருந்து உயிர் தோன்றியது என ரஷ்யாவின் ஓபரின் 1924-லும், பிரிட்டனின் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1929-லும் தனித்தனியே கூறினர். ஹால்டேன் 1957-ல் இந்தியாவில் குடியேறி, 1964-ல் புவனேஸ்வரில் காலமானார். மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றின் கலவையில் மின்பொறி பாய்ச்சினால் அமினோ அமிலங்கள் உருவாகும் என்பதை அமெரிக்காவின் ஸ்டான்லி மில்லர் 1953-ல் செய்து காட்டினார்.

1977-ல் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகள் கண்டறியப்பட்ட பின், உயிர் அங்கே தொடங்கியிருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. மரபுத் தகவலைச் சேமிக்கவும் வேதிவினைகளை விரைவுபடுத்தவும் வல்ல ஆர்.என்.ஏ. மூலக்கூறே முதலில் தோன்றியது என்பது மற்றொரு கருதுகோள்.

உயிர் விண்ணிலிருந்து பரவியது என்ற 'பான்ஸ்பெர்மியா' கருதுகோளைப் பிரிட்டனின் பிரெட் ஹாய்லும், இலங்கையில் பிறந்த சந்திரா விக்ரமசிங்கவும் 1970-களிலிருந்து வலியுறுத்தினர்.

பலூன் சோதனை

நுண்ணுயிர்கள் விண்ணிலிருந்து இறங்குமாயின், நிலப்பரப்பின் காற்று எளிதில் எட்டாத உயரங்களில் அவை காணப்பட வேண்டும். ஹாய்லின் மாணவரான மறைந்த வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் தலைமையிலான குழு இதை ஆராய்ந்தது. 2001-ல் நடந்த முதல் சோதனையைத் தொடர்ந்து, 2005 ஏப்ரல் 20 அன்று ஐதராபாத்தில் உள்ள தேசிய பலூன் மையத்திலிருந்து 459 கிலோ எடையுள்ள கருவிகளுடன் பலூன் ஏவப்பட்டது. கிருமி நீக்கப்பட்ட எஃகுக் குழாய்களில் 20 முதல் 41 கி.மீ. வரையிலான உயரங்களில் காற்று சேகரிக்கப்பட்டது.

ஐதராபாத், புனே ஆகிய நகரங்களில் உள்ள இரு ஆய்வகங்கள் அவற்றைத் தனித்தனியே பரிசோதித்தன. 12 பாக்டீரியா, 6 பூஞ்சைத் தொகுதிகள் கிடைத்தன. அவற்றில் மூன்று பாக்டீரியாக்கள் புதிய இனங்கள். அவற்றுக்கு ஹாய்ல், இஸ்ரோ, ஆரியபட்டர் ஆகியோரை நினைவுகூரும் வகையில் 'ஜானிபாக்டர் ஹாய்லி', 'பேசில்லஸ் இஸ்ரோனென்சிஸ்', 'பேசில்லஸ் ஆர்யபட்டாய்' எனப் பெயரிடப்பட்டது.

நிரூபிக்கப்பட்டது என்ன?

மூன்று இனங்களும் தம் நெருங்கிய உறவினங்களைவிட அதிகமாகப் புறஊதாக் கதிர்களைத் தாங்கின. கடுமையான சூழலிலும் நுண்ணுயிர்கள் நிலைத்திருக்கக்கூடும் என்பதை இது உணர்த்தியது. ஆனால், அவை வேற்றுலகிலிருந்து வந்தவை என்பதை இந்த ஆய்வு உறுதியாக நிறுவவில்லை என இஸ்ரோ அப்போதே தெளிவுபடுத்தியது. அவற்றின் மரபணுக்கள் பூமியில் உள்ள பாக்டீரியாக்களை ஒத்திருந்ததும் கவனிக்கத்தக்கது. மேலும், 'ஆர்யபட்டாய்' இனம் பின்னர் தாவர வேர்களைச் சுற்றியுள்ள மண்ணிலும் கண்டறியப்பட்டது. எனவே, அவை கீழிருந்து மேலே சென்றிருக்கும் வாய்ப்பை மறுக்க இயலாது. பூமியில் உள்ளவற்றிலிருந்து தெளிவாக மாறுபட்ட ஐசோடோப்பு விகிதமோ உயிர்வேதியியல் அமைப்போ கண்டறியப்பட்டால் மட்டுமே விண்வெளித் தோற்றம் வலுவான ஆதாரம் பெறும்.

எஞ்சும் வினா

உயிர் விண்ணிலிருந்து வந்தது என நிரூபிக்கப்பட்டாலும், அது அங்கே எவ்வாறு தோன்றியது என்ற வினா எஞ்சும். எனினும், உயிருக்கான மூலப்பொருள்கள் விண்வெளியில் உள்ளன என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 'பென்னு' சிறுகோளிலிருந்து கொண்டுவரப்பட்ட மாதிரியில், உயிரினங்கள் புரதம் உருவாக்கப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களுள் 14 இருப்பதாக நாசா 2025 ஜனவரியில் அறிவித்தது. அந்த மாதிரியில் உயிரினம் எதுவும் கண்டறியப்படவில்லை.