மாலை நேரத்தின் மூன்று உரிமையாளர்கள்

கோவில்பட்டியில் எனக்கொரு நண்பர் உண்டு. பகலில் ஒரு தீப்பெட்டி நிறுவனத்தில் கணக்கெழுதுபவர். மாலையில் தமது திருச்சபையின் வாலிபர் ஐக்கியத்தை நடத்துபவர். பாடல் பயிற்சி, வேதபாடம், கிறிஸ்துமஸ் கீத பவனிக்கான ஏற்பாடு என ஏதேனும் ஒன்று அவரை இரவு பத்து மணி வரை ஆலய வளாகத்திலேயே நிறுத்திவைத்துவிடும். வீடு திரும்பியபின் கைபேசியில் விளையாட உட்காருவார். சில நாள்களில் அது நள்ளிரவைத் தாண்டி நீளும். வாலிபர்களிடம் கைபேசி விளையாட்டைக் குறைக்கச் சொல்லிப் பேசுபவரும் அவரே. இந்த முரணை அவரே என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். உடனிருந்த அவர் மனைவி சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, அவுக சபைக்குப் போனா எங்க இருக்காகன்னு தெரியுது. வீட்டுல இருக்கும்போதுதான் எங்க இருக்காகன்னு தெரியல" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் சில வாரங்களாக என்னைப் பின்தொடர்கிறது. விளையாட்டா ஆலயமா என்ற வழக்கைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். ஆனால் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், அவை இரண்டும் பல காலமாகக் கைகோத்தே நடந்திருக்கின்றன என்பதும், இருவருக்குமான செலவு வேறொருவர் கணக்கில் எழுதப்பட்டு வந்திருக்கிறது என்பதும் புலப்படும். அதைத்தான் இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் நம் கரிசல் மண்ணிலிருந்து தொடங்குவோம். வானம் பார்த்த பூமி இது. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, பருத்தியும் கம்பும் சோளமும் வீடு வந்து சேர்ந்தபின் நீண்ட கோடை வரும். சடுகுடு, கிளித்தட்டு, பம்பரம், தாயம், ஆடுபுலி ஆட்டம் எல்லாம் அந்தக் கோடையின் பிள்ளைகள். விளையாட்டுக்கு ஒரு பருவம் இருந்தது; இருட்டினால் தானாகவே முடிந்தது. பின்னர் சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி வட்டாரமெங்கும் தீப்பெட்டித் தொழில் பரவியபோது அந்தப் பருவமும் போயிற்று. மழை பொய்த்த குடும்பங்களைத் தாங்கிய தொழில் அது என்பதை மறுக்க முடியாது. ஆனால் விடியுமுன் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்ற வண்டிகளையும், தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய சிறு விரல்களையும், வீட்டுத் திண்ணைகளில் விளக்கு வெளிச்சத்தில் பெட்டி ஒட்டிய தாய்மாரையும் மறக்கவும் முடியாது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆகவே, இவ்வட்டாரத்தில் ஒரு பிள்ளை மாலையில் விளையாடிக்கொண்டிருந்தால், அது போராடிப் பெற்ற பேறு. கைபேசியைக் கண்டு கோபப்படும் நாம் முதலில் நினைவில் கொள்ள வேண்டியது இதுதான்.

இனி, ஆலயத்தின் பக்கம். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டி, வீரமாமுனிவர் பணியாற்றிய ஊர். ஆகஸ்ட் 15 அன்று நடைபெறும் பரலோக மாதா திருவிழாவுக்குச் சுற்றுப்புறமே திரண்டு வரும். சீர்திருத்தத் திருச்சபையினர் நெல்லைச் சீமையில் வேரூன்றியது அதற்குப் பின்னர். அவர்களுடைய பழைய வீடுகளில் சீட்டுக்கட்டுக்கு இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கும் இடமில்லை. மாலை மணி அடித்தால் குடும்ப ஜெபம். இதை மட்டும் பார்ப்பவர்கள், திருச்சபை விளையாட்டுக்குப் பகை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

உண்மை அவ்வளவு எளிதன்று. இன்று நம் பள்ளி மைதானங்களில் ஆடப்படும் கூடைப்பந்து, 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் உருவாக்கியது. குளிர்காலத்தில் வெளியே செல்ல இயலாத இளைஞர்களைக் கூரையின்கீழ் ஓடவிட அவர் கண்ட வழி அது. கைப்பந்து, 1895இல் மற்றொரு ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் கண்டது. வாலிபர் ஊழியத்திற்காகவே பிறந்த ஆட்டங்கள் இவை. சென்னையில் அச்சங்கம் 1890இல் தொடங்கியது. 1920இல் ஹாரி குரோ பக் அங்கே உடற்கல்விப் பள்ளியை நிறுவினார்; தமிழகத்தின் பல பள்ளிகளுக்கு 'டிரில் மாஸ்டர்'களை அனுப்பிவைத்தது அந்நிறுவனம். கத்தோலிக்கர் பக்கத்தில், இத்தாலியின் தூரின் நகரத்தில் 1841இல் தெருப்பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்கிய தொன் போஸ்கோ, வித்தை காட்டியும் விளையாடியுமே அவர்களை ஜெபத்துக்கு அழைத்தவர். அவருடைய சலேசிய சபையினர் 1906இல் தஞ்சாவூரில் வந்திறங்கினர். ஆலயமும் மைதானமும் ஒரே சுற்றுச்சுவருக்குள் என்பது அவர்கள் முறை.

விளையாட்டும் ஆலயமும் இப்படிச் சமாதானமாயின. வீடு?

தொன் போஸ்கோவின் தாயார் மார்கரீத்தா, 1846இல், ஏறத்தாழ அறுபது வயதை நெருங்கும் பருவத்தில், தம் சிற்றூரை விட்டு மகனோடு வந்து தங்கினார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறும் தையலுமாகக் கழிந்தது அவர் வாழ்வு. ஒரு நாள் பிள்ளைகள் இரு படைகளாகப் பிரிந்து போர் விளையாட்டு ஆடினார்கள். வெற்றிக் களிப்பில் அவர்கள் ஓடிய வழியில் மார்கரீத்தா பாடுபட்டு வளர்த்த காய்கறித் தோட்டம் முழுவதும் மிதிபட்டுப் போயிற்று. வேறொரு சமயம், பொறுக்க முடியாமல் ஊருக்கே திரும்பிவிடுவதாக அவர் சொன்னபோது, மகன் மறுமொழி கூறாமல் சுவரிலிருந்த சிலுவையைக் காட்டினார் என்பார்கள். தாயார் தங்கிவிட்டார்; 1856இல் இறக்கும்வரை. இதைத் தியாகத்தின் கதையாகவே படித்திருக்கிறோம். எனக்கு இப்போது அந்தத் தோட்டமும் கண்ணில் படுகிறது.

நம்மவரிலும் பார்க்கலாம். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. ச. அசரியா, 1895 முதல் 1909 வரை ஒய்.எம்.சி.ஏ. செயலராகத் தென்னாடெங்கும் சுற்றியவர். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாகக் காரணமானவர்களுள் முதன்மையானவர். 1912இல் தோர்ணக்கல் பேராயர். 1898இல் அவரை மணந்த அன்பு மரியம்மாள் கல்லூரிக் கல்வி பெற்றவர். தோர்ணக்கலில் பெண்களிடையே நடந்த பணியைத் தாமே தோளில் ஏற்றுக்கொண்டவர். ஆறு மக்களையும் வளர்த்தவர். கணவரின் பெயரில் நூல்கள் உண்டு. வீட்டுக்கும் ஊழியத்துக்கும் நடுவே அந்த அம்மையார் மாலைப்பொழுதை எப்படிப் பங்கிட்டார் என்பதை எழுத யாருக்கும் தோன்றவில்லை.

இவ்விடத்தில் இன்னொருவரையும் அழைத்தாக வேண்டும். அவர் கதையில் நம் ஊருக்கு மிக நெருங்கிய ஓர் ஆட்டம் வருகிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியின் மேலாளராகச் சென்றவர் மேலே சொன்ன பக். அதே போட்டியில், ஞாயிற்றுக்கிழமை ஓடமாட்டேன் என்று 100 மீட்டர் ஓட்டத்தை விட்டுக்கொடுத்து, 400 மீட்டரில் தங்கம் வென்றவர் எரிக் லிடல். பின்னர் அவர் சீனாவில் மிஷனெரியானார். போர் மூளவே 1941இல் கருவுற்றிருந்த மனைவியையும் இரு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பினார். பிறகு பிறந்த மூன்றாம் மகளை அவர் பார்க்கவே இல்லை. வெய்சியன் தடுப்பு முகாமில், பெற்றோரைப் பிரிந்திருந்த பிள்ளைகளுக்கு மாலைதோறும் அவரே துணை: சதுரங்கம், வேதபாடம், ஓட்டப்பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட்டமில்லை. ஒரு ஞாயிறு, பிள்ளைகள் தாமாகவே ஹாக்கி ஆடப் புகுந்து, நடுவர் இல்லாததால் அது அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு மைதானத்தில் நடுவராக நின்றவர் லிடல். ஒலிம்பிக்குக்காகத் தளர்த்தாத விதியைச் சண்டையிடும் பிள்ளைகளுக்காகத் தளர்த்தினார் என்று முகாமில் உடனிருந்தோர் நினைவுகூர்ந்தனர். 1945 பிப்ரவரியில், விடுதலைக்குச் சில மாதங்களே இருக்கையில், அங்கேயே இறந்தார்.

ஹாக்கி என்றால் கோவில்பட்டிக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் அடுத்து இவ்வூரின் பெயரைச் சொல்வது அந்த மட்டைதான். 2022 மே மாதம் தேசிய ஜூனியர் ஆடவர் போட்டி இங்கே நடந்தது. அவ்வாண்டு ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இவ்வூர் மாரீஸ்வரன் இருந்தார். மைதானத்து ஆட்டத்திற்கு ஒரு நடுவர் உண்டு, நீளவிசில் உண்டு. பிள்ளை எங்கே இருக்கிறான் என்பது ஊருக்கே தெரியும்.

திரையாட்டமும் தொடக்கத்தில் இவ்வளவு தனிமையானதாக இல்லை. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட பெட்டிக்கு 'குடும்பக் கணினி' என்றே பெயர். (1889இல் அந்நிறுவனம் தொடங்கியது சீட்டுக்கட்டு செய்வதற்காக என்பது, சீட்டை விலக்கிய நம் பழைய வீடுகளுக்கு ஒரு வேடிக்கையான செய்தி.) அதன் நகல்கள் 1990களில் நம் வீடுகளுக்கும் வந்தன. தொலைக்காட்சி கூடத்தில் இருந்தது. கைப்பிடி இரண்டு இருந்தன. செய்தி நேரம் வந்தால் அப்பா அணைத்துவிடுவார். கைபேசி வந்ததும் கூடம் போயிற்று, இரண்டாம் கைப்பிடி போயிற்று, அணைப்பவரும் போனார். 2020இல் ஊரடங்கின்போது பள்ளியும் ஆராதனையும் வாலிபர் கூட்டமும் அதே கையகலத் திரைக்குள் நுழைந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் பப்ஜி தடைசெய்யப்பட்டது. வேறு ஆட்டங்கள் அவ்விடத்தை நிரப்பின.

உலக சுகாதார நிறுவனம், 2022இல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறைச் சேர்த்துள்ளது. அதற்கான இலக்கணத்தில் மணிக்கணக்கு இல்லை. கட்டுப்பாடு கைநழுவுதல், பிற அலுவல்கள் அனைத்தையும் விளையாட்டு பின்தள்ளுதல், தீங்கு கண்டும் தொடர்தல் ஆகியவையே அளவு. அதுவும் பொதுவாக ஓராண்டளவு நீடித்தால். இந்த அளவுகோலை நண்பரிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "ஊழியத்துக்கும் இதே கேள்வியைக் கேக்கலாம் போலிருக்கே" என்றார். நான் சொல்லத் தயங்கியதை அவரே சொல்லிவிட்டார்.

அண்மையில் மீண்டும் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாலிபர் கூட்டம் இப்போது எட்டரைக்கு முடிந்துவிடுகிறதாம். பாடல் பயிற்சியை ஒரு கல்லூரி மாணவி ஏற்றுக்கொண்டிருக்கிறாள். விளையாட்டை விட்டுவிட்டாரா என்று அவர் மனைவியிடம் கேட்டேன்.

"எங்க விட்டாக? மகளையும் சேத்துக்கிட்டு வெளாடுதாக. ஒம்பதரைக்கு நான் போனை வாங்கி வச்சிருதேன். புள்ள குடுத்துருதா, அண்ணாச்சி. இவுககிட்ட வாங்குறதுதான் பெரும்பாடு" என்றார். இம்முறை அவரும் சிரித்தார்.