மசாஜ் வெளிநாட்டுச் சரக்கா?

மசாஜ் என்றாலே தாய்லாந்து, கேரளா என்கிறார்கள் நண்பர்கள். விளாத்திகுளத்துக்காரனான எனக்குச் சிரிப்புதான் வந்தது! கரிசலில் நாள் முழுக்கக் குனிந்து பருத்தி எடுத்தவர்களின் இடுப்புவலிக்கு நல்லெண்ணெயைச் சூடுபடுத்தி நீவிவிடுவது எங்கள் பக்கத்துப் பழைய வைத்தியம்தானே.

சித்த மருத்துவத்தில் இதற்குப் பெயர் தொக்கணம். தட்டல், இறுக்கல், முறுக்கல், அழுத்தல் என 9 வகை உண்டு. தசை இளகும், அசதி போகும், தூக்கம் வரும். 2000இல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' இதழில் வந்த ஆய்வில், நல்லெண்ணெய் தேய்த்துவிட்ட கைக்குழந்தைகள் நன்கு வளர்ந்தன, நன்கு தூங்கின.

இதையெல்லாம் காலங்காலமாகச் செய்த கைகள் யாருடையவை? முடிதிருத்தும் குடும்பத்தாருடையவை. ஆண்கள் வைத்தியம் செய்தார்கள், பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளிலும் இது பதிவாகியிருக்கிறது. 'மருத்துவர்' என்றே அந்தச் சமூகத்துக்குப் பெயர்.

ஸ்வீடிஷ் மசாஜ் என்றதும், 1813இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கழகம் தொடங்கிய லிங்கின் பெயரைச் சொல்கிறோம். (அந்த முறைகளை வகைப்படுத்தியவர் டச்சுக்காரர் மெஸ்கர் என்பது வேறு கதை.) நம் மருத்துவச்சிகளில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? பிரசவம் பார்த்து, பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய அதே அம்மாவை மற்ற நாளில் வாசலோடு நிறுத்தினார்கள். கூலியும் பணமில்லை, அறுவடைக் களத்தில் அளந்து போட்ட தானியம்தான்.