ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் மாதிரிகள்: சேகரிப்பின் வரலாறு

உண்மையான காரின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்வது சிற்றளவு மாதிரிக் கார். பொம்மைக் காரிலிருந்து இதைப் பிரிப்பது இந்த விகிதமே. டொயோட்டா 2000ஜிடி, நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், மாஸ்டா ஆர்எக்ஸ்-7, ஹோண்டா என்எஸ்எக்ஸ் போன்ற ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களின் மாதிரிகளை உலகெங்கும் பலர் சேகரிக்கின்றனர். இந்த நான்கும் இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக விற்பனைக்கு வந்ததில்லை. எனவே இந்தியச் சேகரிப்பாளர்களுள் மிகப் பலர் உண்மைக் காரைக் கண்ணால் கண்டதே இல்லை. அவர்கள் அறிந்த கார், உள்ளங்கையில் அடங்கும் இந்த மாதிரிதான்.

அளவுக் கணக்கு

சேகரிப்பாளர்களிடையே 1:18, 1:43, 1:64 ஆகிய மூன்று அளவுகள் பெருவழக்காக உள்ளன. ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34 காரின் நீளம் 4,600 மில்லிமீட்டர். 1:18 அளவில் அது ஏறத்தாழ 25.6 செ.மீ., 1:43 அளவில் 10.7 செ.மீ., 1:64 அளவில் 7.2 செ.மீ. ஆகும். 43 என்ற எண் பலருக்கும் வியப்பூட்டும். ஓர் அடியை 7 மில்லிமீட்டராகச் சுருக்கிய பொம்மை ரயில்களின் கணக்கிலிருந்து அது வந்தது. ஓர் அடி 304.8 மி.மீ.; அதை 7 ஆல் வகுத்தால் 43.5. இங்கிலாந்தின் டிங்கி கார்களும் முதலில் ஹார்ன்பி ரயில்களுக்குத் துணைப்பொருளாகவே தோன்றின.

தகர ஜீப்பிலிருந்து டோமிகா வரை

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-ஆம் ஆண்டின் டிசம்பரில், ஓட்சு நகரில் கொசுகே மாட்சுசோ என்பவர் பொம்மை ஜீப் ஒன்றைச் செய்தார். அமெரிக்கப் படையினர் எறிந்த உணவு டப்பாக்களின் தகரமே அதற்கு மூலப்பொருள். கியோட்டோவின் பல்பொருள் அங்காடியில் 10 யென்னுக்கு அது விற்றது. தோற்ற நாடு, தன்னை வென்ற நாட்டின் வண்டியைப் பொம்மையாக்கித் தன் தொழிலை மீட்டுக்கொண்டது. தகர பொம்மைகள் விரைவிலேயே ஏற்றுமதிப் பொருளாயின. ஆனால் அவை அளவு பிசகாத மாதிரிகள் அல்ல.

அளவு மாதிரிகளின் தொடக்கமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது, அசாஹி பொம்மை நிறுவனம் 1959-இல் வெளியிட்ட மாடல்பெட் வரிசை. அதன் முதல் எண் டொயோபெட் கிரவுன், ஒரு குடும்பக் கார். ஸ்போர்ட்ஸ் காருக்கு உலகப் புகழ் வந்த வழி வேறு. 1965 டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் காட்டப்பட்ட டொயோட்டா 2000ஜிடி, 1967-இல் வெளியான ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றில் இடம்பெற்றது. படத்துக்கென மேற்கூரையில்லாமல் இரண்டு கார்கள் மாற்றியமைக்கப்பட்டன. அதே ஆண்டில் இங்கிலாந்தின் கார்கி நிறுவனம், பின்பெட்டியைத் திறந்தால் சிறு ஏவுகணைகள் பாயும்படி அதன் மாதிரியைச் செய்து விற்றது. ஜப்பானின் பெருமைக்குரிய காரை உலகச் சிறுவர்களின் கையில் கொடுத்தது ஓர் ஆங்கிலேய நிறுவனம்!

1970-இல் டோமி நிறுவனம் டோமிகா வரிசையைத் தொடங்கி இதற்கு விடையளித்தது எனலாம். அதுவரை ஜப்பானியக் கடைகளில் சிறிய உலோகக் கார் என்றால் பெரும்பாலும் வெளிநாட்டுக் கார்களின் உருவங்களே. டோமிகாவின் முதல் ஆறும் உள்நாட்டுக் கார்கள். 2000ஜிடி, ஃபேர்லேடி இசட் 432 ஆகிய இரு ஸ்போர்ட்ஸ் கார்கள் அவற்றுள் அடக்கம். ஒன்றின் விலை 180 யென். எல்லாம் ஒரே அளவுப் பெட்டியில் அடங்க வேண்டும் என்பதால், டோமிகாவில் விகிதம் காருக்குக் கார் மாறும். கறாரான சேகரிப்பாளர்கள் இதைக் குறையாகச் சொல்வர். சிறுவர்கள் சொன்னதில்லை.

நுணுக்கம் என்பது

ஷிசுவோகா நகரின் டாமியா 1946-இல் மர வியாபாரமாகத் தொடங்கிய நிறுவனம். பிற்காலத்தில் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் மாதிரிகளுக்குப் பெயர்பெற்றது. 1976-இல் வெளிவந்த போர்ஷே 934 மாதிரிக்காக, உண்மையான போர்ஷே 911 ஒன்றை விலைக்கு வாங்கிப் பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்தார்கள். ஜெர்மன் காரிடம் கற்ற இந்தப் பொறுமை, அந்நிறுவனத்தின் ஜப்பானியக் கார் மாதிரிகளிலும் தெரிகிறது.

ஆயினும் எல்லாவற்றையும் அப்படியே சுருக்கினால் மாதிரி சரியாக வராது. காரின் கதவுக்கும் உடலுக்கும் இடையே 4 மி.மீ. இடைவெளி இருப்பதாகக் கொள்வோம். 1:64 அளவில் அது 0.06 மி.மீ., ஒரு தலைமுடியின் தடிமன். பூசும் வண்ணமே அதை அடைத்துவிடும். எனவே கதவுக் கோட்டைச் சற்று அகலமாக வெட்ட வேண்டியிருக்கிறது. உண்மையாகத் தோன்றுவதற்காகக் கணக்கிலிருந்து சிறிது விலகுவதே மாதிரிக் கலைஞரின் திறமை.

இந்தியாவில்

இந்தியாவின் சிறிய உலோகக் கார்களின் வரலாறு பழைய அச்சுகளின் வரலாறு. டிங்கியின் தேய்ந்த அச்சுகள் கல்கத்தாவுக்கு விற்கப்பட்டு, 1960களின் பிற்பகுதியிலிருந்து நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் கார்கள் வந்தன. அடித்தட்டில் இருந்த ஆங்கிலப் பெயர் சுரண்டப்பட்டிருக்கும். 1980களில் லியோ என்ற பெயரோடு ஹாட் வீல்ஸ் கார்கள் இந்தியாவிலேயே செய்யப்பட்டன. அவற்றின் வண்ணப்பூச்சு சுமார்தான். அந்தக் குறையே அவற்றை அடையாளம் காட்டுவதால், இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி வாங்குகின்றனர்.

அக்காலத்தில் இந்தியருக்கு ஜப்பானியக் கார் என்றால், 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800. ஸ்கைலைனும் சூப்ராவும் பின்னாளில் கணினி விளையாட்டு, 1995-இல் தொடங்கிய இனிஷியல் டி படக்கதை, 2001-இல் தொடங்கிய ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் திரைப்படங்கள் வழியாகவே அறிமுகமாயின. நிசான் ஜிடி-ஆர் 2016-இல் இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை ரூ.1.99 கோடி. அதன் 1:64 மாதிரியைச் சில நூறு ரூபாய்க்குள் வாங்கிவிடலாம்.

தமிழகத்துக்கு இதில் நேரடியான தொடர்பும் உண்டு. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2019-இல் ஜப்பானின் சூப்பர் ஜிடி பந்தயங்களில் 64-ஆம் எண் ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரை ஓட்டினார். அவ்வாண்டு நவம்பர் 24 அன்று ஃபுஜி களத்தில், ஜெர்மானியக் கார்களும் கலந்துகொண்ட சிறப்புப் பந்தயத்தில் வென்றார். சூப்பர் ஜிடி கார்களின் மாதிரிகளை ஜப்பானின் எப்ரோ போன்ற நிறுவனங்கள் 1:43 அளவில் செய்துள்ளன.

பொம்மையா, மாதிரியா?

சுங்க வரிப் பட்டியலின் 9503 என்ற தலைப்பில் பொம்மைகளும் சிற்றளவு மாதிரிகளும் ஒன்றாகவே வருகின்றன. அதற்கான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை கட்டாயமாயிற்று. அந்த ஆணை சொல்வது 14 வயதுக்குட்பட்டோரின் விளையாட்டுப் பொருளை. குழந்தை வாயில் வைக்கும் பொருளில் நச்சு வண்ணம் கூடாது என்ற நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால் பெரியவர்களுக்கு என்று பெட்டியிலேயே அச்சிட்டு, சில நூறு எண்ணிக்கையில் மட்டும் செய்யப்படும் மாதிரி இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. இவ்வளவு சிறிய எண்ணிக்கைக்காக ஓர் அயல்நாட்டுத் தொழிற்சாலை இந்திய உரிமம் பெறுவது கட்டுப்படியாகாது.

கடற்கரை ஊர்களில் பாதுகாப்பு

மாதிரிக் கார்கள் பெரும்பாலும் சமாக் எனப்படும் துத்தநாகக் கலவையில் வார்க்கப்படுகின்றன. துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மன் பெயர்களது முதலெழுத்துகள் சேர்ந்ததே அப்பெயர். கலவையில் காரீயம் சிறிதளவு கலந்துவிட்டாலும் உலோகம் உள்ளிருந்தே வெடித்து, வளைந்து, உதிரும். போருக்கு முந்தைய மாதிரிகள் பல இப்படி அழிந்தன. ஈரமும் வெப்பமும் இதை விரைவுபடுத்தும். தொடங்கிவிட்டால் மருந்து இல்லை. புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள பிள்ளைச்சாவடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. தூய கலவையில் செய்த புதிய மாதிரிகள் உதிர்வதில்லை என்றாலும், அவற்றின் எஃகு அச்சாணியும் அடித்தட்டுத் திருகுகளும் துருப்பிடிக்கும். மூடிய கண்ணாடிப் பேழையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, அது ஈரத்தை உறிஞ்சி நிறைந்ததும் மாற்றுவது வழக்கம். மென்மையான டயர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால், அவற்றிலிருந்து கசியும் வேதிப்பொருள் கீழேயுள்ள பிளாஸ்டிக் பீடத்தை அரித்துப் பள்ளமாக்கும். அதனால் அனுபவமுள்ளவர்கள் காரின் அடியில் சிறு கட்டை கொடுத்து, சக்கரங்கள் தரையைத் தொடாதபடி நிறுத்துவர்.